டிஸ்க்கா, டவுன்லோடா? எல்லைப் பக்கத்து வீடுகளுக்கு ஒரு கேம் கணக்கு

ஓணம் ஆஃபருக்கு முன்னால் ஒரு தடவை, தீபாவளி ஆஃபருக்கு முன்னால் ஒரு தடவை. கேரளப் பக்கம் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், தமிழ்நாட்டுப் பக்கம் கோபாலபுரம், பொள்ளாச்சி என்று எங்கிருந்து வந்தாலும், சோனியின் கேம் கன்சோலான ப்ளேஸ்டேஷன் 5 (பிஎஸ் 5) பற்றிக் கேள்வி ஒன்றுதான்: “அண்ணா, டிஸ்க் போடுற பிஎஸ் 5 வாங்கட்டுமா, டிஸ்க் இல்லாததே போதுமா? பத்தாயிரம் மிச்சமாகுதே.” பிள்ளைக்கு வாங்கித் தரும் பெற்றோர் கேட்பது வேறு: “டவுன்லோடு கேமுக்கு ஐயாயிரம் ரூபாய் கொடுக்கிறோம், கையில ஒண்ணும் வரலையே, இது நம்மளுதுதானா?”

பெற்றோர் கேட்பதுதான் அடிப்படையான கேள்வி. அதற்கு நேரான பதில் சொல்லிவிட்டால் பத்தாயிரம் ரூபாய் கேள்விக்கும் வழி கிடைக்கும். டவுன்லோடு செய்து வாங்கும் கேமில் நாம் வாங்குவது விளையாடும் உரிமம் மட்டும். 2025 ஜனவரி 1 முதல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது. உரிமம்தான் தருகிறோம் என்று தெளிவாகச் சொல்லாமல் டிஜிட்டல் பொருளுக்கு ‘வாங்கு’ என்று பட்டன் போடக் கூடாது என்கிறது அது. அதற்குச் சில மாதம் முன்பே, 2024 அக்டோபரில், பிசி கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீம், பணம் கட்டும் முன் வரும் கார்ட் (கூடை) பக்கத்தில் இதை ஒரு வரியாகச் சேர்த்துவிட்டது.

இதை வைத்து டவுன்லோடு மோசடி என்று முடிவு கட்ட வேண்டாம். நானே பிசியில் டவுன்லோடுதான். ஆனால் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

## எதை வைத்து எடை போடுவது

என் கணக்கில் ஐந்து விஷயம்.

1. கேமுக்குக் கொடுத்த பணத்தில் எவ்வளவு திரும்பி வரும்?
2. வீட்டு நெட் அந்தக் கேமைத் தாங்குமா?
3. தம்பிக்கும் நண்பனுக்கும் கைமாற்ற முடியுமா?
4. பத்து வருஷம் கழித்தும் ஓடுமா?
5. பிடிக்காமல் போனால் மீள வழி உண்டா?

இதில் முதலாவதையும் மூன்றாவதையும் நம் பக்கத்தில் கொஞ்சம் கூடுதலாகவே எடை போட வேண்டும். பாலக்காட்டுக்கும் கோவைக்கும் நடுவில் இருப்பவர்களுக்கு இரண்டு ஊர்ச் சந்தையும் கைக்கெட்டும் தூரம். காலையில் பஸ் ஏறினால் உக்கடத்தில் இறங்கிப் பழைய டிஸ்க் விற்றுவிட்டு மாலைக்குள் திரும்பிவிடலாம். காலேஜுக்குத் தினமும் எல்லை தாண்டுகிற பையன்கள் இருக்கிற ஊரில் டிஸ்க் தானாகவே கைமாறும்.

## டிஸ்க்

முதலில் பணம். பிஎஸ் 5 2021 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தபோது டிஸ்க் டிரைவ் உள்ளது 49,990 ரூபாய், இல்லாதது 39,990 ரூபாய். 2024ல் வந்த மெல்லிய மாடலிலும் அதே பத்தாயிரம் வித்தியாசம்: 54,990, 44,990. விலை மாறிக்கொண்டே இருக்கும், கடையில் பார்த்துக்கொள்ளுங்கள். அப்போது சோனியின் பெரிய கேம்களுக்கு விலை 4,999 ரூபாய்.

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். வெளியான வாரமே 4,999க்கு டிஸ்க் வாங்கி, ஒரு மாதத்தில் கதையை முடித்து, 3,000க்கு விற்கிறீர்கள். உங்கள் கையிலிருந்து போனது 1,999. இப்படி நாலு கேம் விற்றால் 12,000 திரும்பி வருகிறது. டிரைவுக்குக் கொடுத்த பத்தாயிரம் அதிலேயே வந்துவிட்டது. கேம் பழசாகப் பழசாக விலை இறங்கும், ஆகவே விற்பதானால் முடித்த கையோடு விற்க வேண்டும். அலமாரியில் ஒரு வருஷம் வைத்தால் இந்தக் கணக்கு நிற்காது.

புதிதாகவே வாங்க வேண்டும் என்றும் இல்லை. இன்னொருவர் முடித்ததை 3,000க்கு வாங்கி 2,000க்கு விற்கிற மாணவன், ஒரு பெரிய கேமை ஆயிரம் ரூபாய்க்கு ஆடியிருக்கிறான். டவுன்லோடில் இதற்கு வழியே இல்லை.

கைமாறுவதிலும் டிஸ்க்தான் எளிது. யார் கையில் டிஸ்க் இருக்கிறதோ அவர் ஆடலாம். கணக்கு, பாஸ்வேர்டு எதுவும் வேண்டாம்.

இனி டிஸ்க் வாங்கும்போது யாரும் சொல்லாத செலவுகள். கேம் முழுவதும் கன்சோலுக்குள் இன்ஸ்டால் ஆனாலும், ஆடும்போது டிஸ்க் உள்ளே இருந்தே ஆக வேண்டும். அதனால் டிரைவ் பழுதானால் வைத்திருக்கிற அத்தனை டிஸ்க்கும் அன்றைக்கே முடங்கும். ஆனி, ஆடி மழையில் நம் வீடுகளில் அலமாரிக்குள் பூஞ்சை பிடிக்கும். டிஸ்க்கை உறையில்லாமல் அடுக்கி வைக்காதீர்கள். கீறலைவிட ஈரப்பிசுக்கு அதிகம் தொல்லை தருகிறது. மெல்லிய மாடலில் டிரைவைத் தனியாக வாங்கிப் பொருத்தலாம் என்பது உண்மைதான். ஆனால் முதல் தடவை பொருத்தும்போது இணையத்தில் இணைத்துப் பதிவு செய்தால்தான் அது வேலை செய்யும். “இப்ப டிரைவ் இல்லாதது வாங்கிட்டு அப்புறம் போட்டுக்கலாம்” என்று நினைப்பவர்கள், அந்த உதிரி டிரைவ் இங்கே என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று முதலில் விசாரித்துவிடுங்கள்.

அடுத்தது, டிஸ்க்கில் உண்மையில் என்ன இருக்கிறது என்பது. பிஎஸ் 5 டிஸ்க்கில் 100 ஜிபி வரை கொள்ளும். ஆனாலும் 2022ல் வந்த ‘கால் ஆஃப் டூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2’ பிஎஸ் 5 டிஸ்க்கில் இருந்தது ஏறத்தாழ 70 எம்பிதான். மீதி அத்தனையும் டவுன்லோடு. நெட் இல்லாத வீட்டுக்கு அந்தப் பெட்டி வெறும் சாவி. எந்த டிஸ்க் நெட் இல்லாமல் முழுதாக ஓடும் என்று ஒவ்வொன்றாக ஆடிப் பார்த்துச் சொல்கிற ‘டஸ் இட் ப்ளே’ என்ற தன்னார்வக் குழு இருக்கிறது. வாங்குவதற்கு முன் அவர்கள் பட்டியலில் ஒரு தடவை தேடுங்கள். பெரும்பாலான கதை கேம்கள் டிஸ்க்கிலிருந்தே ஓடுகின்றன என்பது ஆறுதல்.

### கல்ஃபிலிருந்து வரும் டிஸ்க்

நம் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் துபாயிலோ தோஹாவிலோ இருக்கிறார். லீவுக்கு வரும் மாமா இரண்டு டிஸ்க் எடுத்து வருவது சகஜம். பிஎஸ் 4, பிஎஸ் 5 டிஸ்க்குகளுக்குப் பிராந்தியப் பூட்டு கிடையாது. அங்கே வாங்கினது இங்கே ஓடும். சிக்கல் கூடுதல் கதை, கூடுதல் ஆட்கள் என்று பிறகு காசு கொடுத்து வாங்கும் டிஎல்சியில் வருகிறது. டிஸ்க் எந்தப் பிராந்தியத்துக்கு அச்சானதோ, அதற்குப் பொருந்தும் கணக்கில் வாங்கிய டிஎல்சிதான் அதோடு சேரும். இந்தியக் கணக்கில் டிஎல்சி வாங்கிவிட்டு, கேம் அதை ஏற்கவில்லையே என்று திகைப்பவர்கள் உண்டு. டிஎல்சி வாங்கும் எண்ணம் இருந்தால் அந்தக் கேமை மட்டும் இங்கேயே வாங்குங்கள்.

நிண்டெண்டோ ஸ்விட்ச் பெரும்பாலும் இப்படித்தான் நம் வீடுகளுக்கு வருகிறது. நிண்டெண்டோ இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை. ஆகவே கார்ட்ரிட்ஜ் (கேம் அடங்கிய சின்ன அட்டை)தான் நிம்மதி. ஆனால் 2025ல் வந்த ஸ்விட்ச் 2க்குச் சில கேம்கள் ‘கேம்-கீ கார்டு’ ஆக வருகின்றன. அந்தக் கார்டில் கேம் இருக்காது. டவுன்லோடு செய்துவிட்டு, ஆடும்போது கார்டைச் செருகி வைக்க வேண்டும். கார்டை விற்கலாம் என்ற ஒரு நன்மை உண்டு. டவுன்லோடு சர்வர் நின்றுவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது என்ற கேடும் உண்டு. பெட்டியின் முன்பக்கமே குறிப்பு இருக்கும். மாமாவிடம் சொல்லிவிடும்போது இதையும் சொல்லிவிடுங்கள்.

## கன்சோல் ஸ்டோரில் டவுன்லோடு

வசதி என்று பார்த்தால் இதை மிஞ்ச ஒன்றும் இல்லை. ராத்திரி பன்னிரண்டுக்கு வெளியாகிற கேமை முன்கூட்டியே இறக்கி வைத்து அந்த நிமிஷமே ஆடலாம். டிஸ்க் மாற்ற வேண்டாம், தொலையாது, கீறல் விழாது. தள்ளுபடிக் காலங்களில் பழைய கேம்கள் பாதி விலைக்கும் கீழே வரும். காத்திருக்கத் தெரிந்தவருக்கு மேலே போட்ட டிஸ்க் கணக்கின் லாபம் பெரும்பாலும் கரைந்துவிடுகிறது: 4,999 ரூபாய் கேமை ஒரு வருஷம் கழித்து 2,500க்கு எடுத்தால், வாங்கி விற்கும் அலைச்சல் இல்லாமலே கிட்டத்தட்ட அதே செலவு.

ஆனால் நெட் கணக்கைப் போடாமல் இறங்க வேண்டாம். 100 ஜிபி கேம் ஒன்று 100 எம்பிபிஎஸ் இணைப்பில் இரண்டேகால் மணி நேரம். 40 எம்பிபிஎஸ்ஸில் ஐந்தரை மணி நேரம். தினம் 2 ஜிபி மொபைல் டேட்டாவை வைத்து இறக்கினால் ஐம்பது நாள். மழைக்காலத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தென்னமட்டையைத் தள்ளி ஃபைபர் ஒயரை அறுத்துவிட்டால் ஆள் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். ஒரு தடவை இறக்கியதோடும் முடியாது. பிஎஸ் 5ன் முதல் மாடலில் 825 ஜிபி என்று எழுதியிருந்தாலும் நமக்குக் கிடைப்பது 667 ஜிபி. ஆறேழு பெரிய கேமில் நிரம்பிவிடும். இடத்துக்காக அழித்த கேமை மறுபடி ஆட வேண்டுமானால் மறுபடி முழு டவுன்லோடு.

பிடிக்கவில்லை என்றால்? ப்ளேஸ்டேஷன் ஸ்டோரில் வாங்கி 14 நாளுக்குள், டவுன்லோடு தொடங்கும் முன்னால்தான் பணம் திரும்பக் கேட்கலாம். ஆடிப் பார்த்துத்தானே பிடிக்கவில்லை என்று தெரியும்! கேமில் கோளாறு இருந்தால் வேறு விஷயம். தானாக டவுன்லோடு ஆகும் அமைப்பை அணைத்து வையுங்கள், அதுவே பாதுகாப்பு.

கணக்கில் இன்னொரு கண்ணி இருக்கிறது. ப்ளேஸ்டேஷன் கணக்கு தொடங்கும்போது தேர்ந்த நாட்டைப் பிறகு மாற்ற முடியாது. இங்கே இந்தியக் கணக்கில் முப்பது கேம் சேர்த்தவர் வேலைக்கு அபுதாபி போனால், அங்கே சம்பள அட்டையை வைத்து இந்தக் கணக்கில் வாங்குவது கஷ்டம். இங்கேயிருந்து யாராவது வாலெட் கோடு (கணக்கில் பணம் ஏற்றும் எண்) வாங்கி அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

அப்புறம் வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் “4,999 ரூபாய் கேம் 900க்கு” என்று ஓடுகிற விற்பனை. ஒரே கணக்கைப் பிரைமரி, செகண்டரி என்று பிரித்துப் பல பேருக்கு விற்பது அது. விதிமுறைக்கு விரோதம் என்பது ஒரு பக்கம். பாஸ்வேர்டு விற்றவர் கையில் இருக்கும்வரை உங்களிடம் இருப்பது அவர் தயவு மட்டும்தான். தயவுசெய்து அதில் காசு போடாதீர்கள். அந்தப் பணத்துக்கு ஒரு பழைய டிஸ்க் வாங்கலாம்.

சந்தா முறையை இங்கே பெரிதாக எடுக்கவில்லை. மாதம் பணம் கட்டி நிறையக் கேம் ருசி பார்க்க நல்லது. கட்டுவதை நிறுத்தினால் கேம் நின்றுவிடும், பட்டியலிலிருந்து கேம்கள் வெளியேறவும் செய்யும்.

## பிசி: டவுன்லோடுதான், ஆனால் இரண்டு விதம்

பிசிக்கு டிஸ்க் என்பது கிட்டத்தட்ட முடிந்துபோன கதை. கடையில் பெட்டி கிடைத்தாலும் உள்ளே பெரும்பாலும் டவுன்லோடுக்கான கோடு எண் எழுதிய ஒரு அட்டைதான் இருக்கும். ஆகவே இங்கே தேர்வு ஸ்டீமா, இன்னொரு இணையக் கடையான ஜிஓஜியா என்பது.

ஸ்டீமில் ரூபாய் விலை, யுபிஐ, ஜூன் கடைசியிலும் டிசம்பர் கடைசியிலும் பெரிய தள்ளுபடி. வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பித் தருகிறார்கள். ஐந்தாவது எடைக்கல்லில் ப்ளேஸ்டேஷன் ஸ்டோரில் இதற்கு ஈடாக எதுவும் இல்லை. 2024 முதல் ‘ஸ்டீம் ஃபேமிலீஸ்’ வழியாக ஒரே வீட்டில் ஆறு பேர் வரை கேம்களைப் பகிரலாம். ஒரு கேமுக்கு ஒரு காப்பியே இருந்தால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் அதை ஆட முடியும். விற்க முடியாது. கணக்கை உயில் எழுதியும் அடுத்தவருக்கு மாற்ற முடியாது என்று 2024ல் ஒரு வாடிக்கையாளருக்குப் பதில் வந்தது செய்தியானது.

ஜிஓஜி வேறு மாதிரி. அங்கே வாங்கும் கேமுக்கு டிஆர்எம் (காப்பி எடுப்பதைத் தடுக்கும்) பூட்டு கிடையாது. இன்ஸ்டாலர் கோப்பை இறக்கி ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வைத்தால், கடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது ஓடும். புதுப் பெரிய கேம்கள் பல அங்கே வராது. ஆனால் வருஷக்கணக்கில் வைத்திருந்து திரும்பத் திரும்ப ஆட நினைக்கும் கேம் இரண்டு இடத்திலும் இருந்தால், நான் ஜிஓஜியில்தான் எடுப்பேன், கொஞ்சம் கூடக் கொடுத்தாவது.

## பத்து வருஷம் கழித்து

நாலாவது கேள்விக்கு டிஸ்க் என்று சட்டென்று பதில் சொல்லிவிடுகிறார்கள். அது பாதி உண்மை.

டவுன்லோடு கடை மூடுவது அடிக்கடி நடக்கிறது. நிண்டெண்டோவின் பழைய கன்சோல்களான 3டிஎஸ், வீ யூ இரண்டின் கடைகள் 2023 மார்ச் 27ல் மூடின. எக்ஸ்பாக்ஸ் 360 கடை 2024 ஜூலை 29ல் மூடியது. ஏற்கனவே வாங்கியவர்கள் மறுபடி இறக்கிக்கொள்ள வழி விட்டிருக்கிறார்கள். அந்த வழி எத்தனை நாளுக்கு என்பது நம் கையில் இல்லை. சோனி 2021ல் பிஎஸ் 3, வீட்டா கடைகளை மூடுகிறோம் என்று அறிவித்தது. ஆட்டக்காரர்கள் கூச்சல் போட்ட பிறகுதான் பின்வாங்கியது.

அதே நேரம் யூபிசாஃப்டின் ‘தி க்ரூ’ என்ற கார் பந்தயக் கேமைப் பாருங்கள். 2014ல் வந்தது. 2024 மார்ச் 31ல் சர்வரை நிறுத்தினார்கள். தனியாக ஆடுவதற்கும் சர்வர் தேவைப்பட்ட கேம் என்பதால் டிஸ்க் வைத்திருந்தவர்களுக்கும் அன்றோடு முடிந்தது. சோனியின் ‘கான்கார்ட்’ என்ற ஆன்லைன் கேம் 2024 ஆகஸ்ட் 23ல் வந்து செப்டம்பர் 6ல் நின்றது. அதற்காவது பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ‘தி க்ரூ’ விவகாரத்திலிருந்து எழுந்ததுதான் ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கம். விற்ற கேமை ஆட முடியாத நிலையில் விட்டுப் போகக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தில் அவர்கள் கொடுத்த மனு 2025 ஜூலையில் பத்து லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. அவர்கள் கேட்பது நியாயம் என்றே நினைக்கிறேன். காசு கொடுத்தவன் கையில் ஆடக்கூடிய நிலையில் ஒன்று மிஞ்ச வேண்டும்.

ஆக, எவ்வளவு காலம் நிற்கும் என்பதை முதலில் கேமின் வகைதான் தீர்மானிக்கிறது. தனியாள் கதை கேம், டிஸ்க்கிலேயே முழுதாக இருந்தால், கன்சோலும் டிரைவும் இருக்கும்வரை ஓடும். ஆன்லைன் கேமுக்கு டிஸ்க் வாங்குவதில் ஆயுள் லாபம் எதுவும் இல்லை.

## ஒரே பார்வையில்

| எடைக்கல் | டிஸ்க் | கன்சோல் ஸ்டோர் | ஸ்டீம் | ஜிஓஜி |
|---|---|---|---|---|
| திரும்பி வரும் பணம் | உண்டு, சீக்கிரம் விற்றால் | இல்லை | இல்லை | இல்லை |
| நெட் தேவை | கேமைப் பொறுத்தது, அப்டேட்டுக்கு வேண்டும் | நிறைய | நிறைய | இறக்கும்போது மட்டும் |
| கைமாறுதல் | எளிது | கணக்கோடு கட்டுண்டது | ஒரே வீட்டுக்குள் | விற்க முடியாது |
| நீண்ட நாள் | கதை கேமுக்கு நல்லது | கடையைப் பொறுத்தது | கடையைப் பொறுத்தது | காப்பி வைத்திருந்தால் சிறந்தது |
| பிடிக்காவிட்டால் | விற்றுவிடலாம் | ப்ளேஸ்டேஷனில் இறக்கும் முன் மட்டும் | 14 நாள், 2 மணி நேரம் | திருப்பித் தரும் வசதி உண்டு |

## யாருக்கு எது

கன்சோல் வாங்கப் போகிறவர்களுக்கு முதலில்: பணம் இடம் கொடுத்தால் டிரைவ் உள்ளதையே வாங்குங்கள். டிரைவ் உள்ள கன்சோலில் டவுன்லோடும் செய்யலாம், டிஸ்க்கும் போடலாம். டிரைவ் இல்லாததில் ஒரே கடை, அவர்கள் சொல்லும் விலை. வருஷத்துக்கு மூன்று நாலு புதுக் கேம் ஆடுகிற வீடாக இருந்தால் இதில் யோசிக்கவே வேண்டாம். பிஎஸ் 4 டிஸ்க்குகளைச் சேர்த்து வைத்திருப்பவர்கள் டிரைவ் இல்லாத பிஎஸ் 5 வாங்கினால் அத்தனையும் வீண். டிரைவ் இருந்தால் மிகப் பெரும்பாலானவை அப்படியே ஓடும்.

வருஷம் முழுக்க ஒரு ஃபுட்பால் கேமும் ஒரு இலவச ஷூட்டரும் மட்டும் ஆடுகிற பையனுக்கு டிரைவ் இல்லாததே போதும். மிச்சமாகும் பத்தாயிரத்தை நல்ல ஃபைபர் இணைப்புக்கும் இன்வெர்ட்டருக்கும் போடலாம்.

வீட்டில் ஃபைபரே இல்லை, மொபைல் டேட்டாதான் என்றால் டிஸ்க்கைத் தவிர வேறு வழி யோசிக்காதீர்கள். அதிலும் நெட் இல்லாமல் ஓடும் கதை கேம்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

கோவையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறவர்களுக்கு லேப்டாப்பும் ஸ்டீமும்தான் பொருத்தம். வார இறுதியில் ஊருக்கு வரும்போது கேம்களும் கணக்கோடு கூடவே வந்துவிடும். லேப்டாப்பில் ஆஃப்லைன் மோடில் ஓடுகிறதா என்று கிளம்பும் முன்பே ஒரு தடவை திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய டிஸ்க் வாங்கும்போது கடையிலேயே கன்சோலில் போட்டு, இன்ஸ்டால் தொடங்குகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் டிஎல்சி கோடு எண்ணை முதல் ஆளே பயன்படுத்தியிருப்பார், அதற்கென்று விலை கூட்டிக் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

வேலைக்கு கல்ஃப் போகத் தயாராகிறவர்கள் கிளம்பும் வருஷத்தில் ப்ளேஸ்டேஷன் ஸ்டோரில் புதிதாக எதுவும் குவிக்காதீர்கள், டிஸ்க்காகவே வாங்குங்கள். ஆடி முடித்ததை அங்கேயே விற்கலாம், அல்லது ஊருக்கு வரும் யாரிடமாவது தம்பிக்குக் கொடுத்துவிடலாம். ஸ்டீம் கணக்கு உள்ளவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. குடியேறிய நாட்டில் அந்த நாட்டு அட்டையை வைத்து வாங்கும்போது நாட்டை மாற்றிக்கொள்ளலாம், பழைய கேம்கள் அப்படியே இருக்கும்.